தேர்வடம் பிடித்ததற்காகப் பறிக்கப்பட்ட பயண அட்டை

அனுப்புநர்
ந. மதுமதி,
த/பெ. நமச்சிவாயம்,
17, பிள்ளையார் கோவில் கீழத் தெரு,
கோபாலசமுத்திரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
உடல் ஊனமுற்றோர் பயணச் சலுகைக் குழு,
பாளையங்கோட்டை.

பொருள்: இலவசப் பேருந்துப் பயண அட்டை – மனுதாரர் அம்மன் தேரை இழுத்ததாகக் கூறி ரத்து செய்யப்பட்டது – தேரை மனுதாரர் இழுக்கவில்லை, தேர்தான் மனுதாரரை இழுத்தது என விளக்கி, அட்டையைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழுவின் பிரிவு அலுவலர் திரு. நாறும்பூநாதன் அவர்களின் ரத்து ஆணை, நாள் 10.8.1998.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவள். வயது இருபத்தொன்று. கால்கள் இரண்டும் விறைப்பு. வலது கையும் அவ்விதமே. பார்வையில் கண்ட ஆணையில் நான் ஊனமுற்றவள் அல்ல என்று அரசுத் தரப்பிலிருந்து எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டுள்ளது. இத்தனை வருடமாக எத்தனையோ வைத்தியர்களாலும் என் அம்மாவின் நேர்த்திக்கடன்களாலும் ஆகாத காரியத்தை ஒரே தாளில் முடித்துத் தந்த பிரிவு அலுவலர் அவர்களுக்கு முதற்கண் என் நன்றி. தாளைப் படித்த கையோடு எழுந்து நடந்து பார்த்தேன். பழையபடிதான் இருந்தது.

2. அந்த அட்டையை வைத்துக்கொண்டுதான் நான் கோபாலசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் தட்டச்சு வகுப்புக்கும், சனிக்கிழமைகளில் உடற்பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தேன். அட்டை இல்லாவிட்டால் சீட்டு எடுத்துக்கொண்டு போகலாமே என்று பிரிவு அலுவலர் அவர்கள் கேட்டார்கள். போகலாம்தான். ஆனால் அந்த அட்டை வெறும் சீட்டு அல்ல, ஐயா. அதை உயர்த்திக் காட்டினால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவைப்பார், முன்வாசல் வழியாக ஏறவிடுவார். நான் உட்காரும்வரை நடத்துநர் விசில் ஊத மாட்டார். அட்டை இல்லாத பெண்ணுக்கு, இரண்டாவது கால் படிக்கு வருமுன்னே 'ரைட்' கொடுத்துவிடுகிறார்கள். சென்ற வாரம் சந்திப்புப் பேருந்து நிலையத்தில் அப்படி விழுந்து முழங்கை உரிந்தது. என்னைத் தூக்கிவிட்ட நடத்துநர் கோபத்தில் சொன்னது: "ஏம்மா, காலு சரியில்லன்னா ஒரு அட்டை எடுத்து வச்சுக்கிட்டு வரக்கூடாதா? அதுக்குன்னு ஒரு ஆபீசே தொறந்து வச்சிருக்காம்லா!" தங்கள் குழுவின் சேவை கிராமங்கள்வரை தெரிந்திருப்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி.

3. இனி, என் குற்றத்தின் மூலகாரணமான உடற்பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். விறைத்த தசைக்கு எடை கொடுத்தால் மேலும் விறைத்துப்போகும் என்றே எனக்குச் சிறு வயதிலிருந்து சொல்லப்பட்டு வந்தது. எனவே எண்ணெய் தேய்த்தார்கள், நீட்டினார்கள், மடக்கினார்கள். என் கையில் கனமாக எதையும் தந்துவிடக் கூடாது என்பதில் வீட்டில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். பள்ளிக்கூடப் பையை அப்பாதான் சுமந்தார். தண்ணீர்ச் செம்பைக்கூட யாராவது வாயருகே கொண்டுவந்துவிடுவார்கள். இவ்வளவு கவனத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பை முடித்தபோது என் கால்கள் விறைப்பாகவும் இருந்தன, துணிபோலத் துவண்டும் இருந்தன.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில் பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் அக்கா இந்த வகுப்பைத் தொடங்கினார். எடை தூக்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு விறைப்பு கூடவில்லை, பலம்தான் கூடுகிறது என்று வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டு, "செஞ்சு பாப்போம், யாரு வாரீய?" என்று கேட்டார். நாங்கள் ஆறு பேர் போனோம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, காலில் மணல் பை கட்டிக்கொண்டு தூக்குவது, இவ்வளவுதான் பாடம். பைகளை என் அம்மா பழைய வேட்டித் துணியில் தைத்தாள். அம்மாவின் தையல் அப்படி. வகுப்பு முடியும்போது கூடம் முழுக்கத் தாமிரபரணி மணல் கிடக்கும். கிரேஸ் அக்கா எங்களுக்கு விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: "நோவுதுன்னா சொல்லு, நிப்பாட்டிருவோம். பயமாருக்குன்னா மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

முதல் மூன்று மாதம் எனக்கு இரண்டும் இருந்தன. பிறகு ஒருநாள் நாற்காலியிலிருந்து நானாக எழுந்து நின்றேன். கிரேஸ் அக்கா கை தட்டவில்லை. "உக்காரு, இன்னொருக்கா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது சந்தோஷத்தினாலா, களைப்பினாலா என்று தங்கள் அலுவலகம் கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

4. திருநெல்வேலி ஆனித் தேருக்குப் போய் வடம் தொடாமல் எங்கள் வீட்டில் யாரும் திரும்புவதில்லை. சிறு வயதில் அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வடத்தில் கை வைக்கச் செய்வார். நான் வளர்ந்த பிறகு கூட்டத்துக்குள் அது முடியவில்லை. என்னை ஒரு கடைவாசலில் உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் போய் வடத்தைத் தொட்டுவந்து அந்தக் கையை என் கண்களில் ஒற்றுவார். பல வருடம் நான் தேரைக் கும்பிட்டது அப்பாவின் உள்ளங்கை வழியாகத்தான்.

இந்த வருடம் நானே போனேன். அம்மன் தேர் கிளம்பும் நேரம். சும்மா சொல்லக்கூடாது, திருநெல்வேலிக் கூட்டம் நல்ல கூட்டம். யாரோ ஒருவர், "ஏலே, வழிய விடுங்கலே, பிள்ள வடம் தொடணும்லா!" என்று சத்தம் போட்டார். வழி விட்டார்கள். தொட்டேன். அப்பா, "போதும்மா, வா" என்றார். எனக்குப் போதவில்லை. பிடித்தேன். அந்த நேரம் பார்த்துத் தேர் கிளம்பிவிட்டது.

5. இந்த இடத்தில் ஒரு மருத்துவ உண்மையைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். என் வலது கை எதையாவது இறுகப் பிடித்துவிட்டால், நான் நினைத்தவுடன் திறக்காது. 'விடு' என்று மேலே பிறக்கும் உத்தரவு விரல்களுக்குப் போய்ச் சேர நேரமாகும். பதற்றம் கூடினால் போய்ச் சேரவே சேராது. அரசு அலுவலகங்களோடு பழக்கமுள்ள தங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே வடம் போனது, வடத்தோடு என் கை போனது, கையோடு நானும் போனேன். அப்பா பக்கத்திலேயே ஓடிவந்து, "ஏட்டி, கைய விடுட்டி! விட்டுருட்டி!" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள், "இழும்மா, அப்படித்தான், இழு!" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

வாகையடி முக்கில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரை நிறுத்திய பிறகுதான் நான் நின்றேன். அப்போதும் கை திறக்கவில்லை. அங்கே வளையல் விற்றுக்கொண்டிருந்த அலிமா பீவி அம்மாள்தான், "பதறாத தாயி, பைய, பைய" என்று சொல்லி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வடத்தை மீட்டுத் தந்தார். தேரை இழுத்தவளுக்குத் தேரை விடத் தெரியவில்லை என்பதற்கு அவர் சாட்சி. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டுள்ளார்.

6. ஆனால் ஐயா, ஒன்றை மறைத்து என்னால் இந்த மனுவை எழுத முடியாது. கை என் பேச்சைக் கேட்கவில்லை என்பது உண்மை. கால்கள் கேட்டன. கோணல்மாணலாகத்தான், ஆனால் வடத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடின. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என்றால் முதல் இழுப்பிலேயே விழுந்து, மிதிபட்டிருப்பேன். நான் விழவில்லை. அவ்வளவு பயத்திலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நான் ஓடுகிறேன், நான் ஓடுகிறேன் என்றே மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்துக்காக அட்டையைப் பறித்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. ஆணையில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

7. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் என் படம் வந்தது. 'ஊனத்தை வென்ற பக்தி' என்று தலைப்பு. படத்தில் நான் பல்லைக் கடித்திருக்கிறேன், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கை முறுக்கேறி இருக்கிறது. இவை மூன்றும் பக்தி அல்ல ஐயா. மூளை முடக்குவாதம் என்பதே இவைதான். என் நோயை இவ்வளவு தெளிவாக இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் படம் எடுத்ததில்லை. அந்தப் படத்தை ஆதாரமாக வைத்துத்தான் எனக்கு நோய் இல்லை என்று முடிவு செய்யப்பட்டது.

8. அட்டையைப் புதுப்பிக்க நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அந்தப் படம் என் கோப்பில் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. பிரிவு அலுவலர் அவர்கள் மிகுந்த மரியாதையோடு, முதலில் என்னைக் கும்பிட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "ஆண்டு தவறாம நானும் தேருக்குப் போறவன்மா. இந்த வருசம் என்னால வடத்துக்கிட்டயே போவ முடியல. கூட்டம் நெருக்கித் தள்ளிட்டு. நீ போயி இழுத்திருக்க. அப்போ நம்ம ரெண்டு பேர்ல யாருக்கும்மா கொறச்சல்?" அவருக்கும் ஓர் அட்டை வழங்கப் பரிசீலிக்கலாம் என்பதே என் தாழ்மையான கருத்து.

ஆணையில் மூன்று காரணங்கள் கூறப்பட்டுள்ளன.

அ) மனுதாரர் தேர் இழுத்தார் என்பது. இதற்கு மேலே விளக்கம் தந்துவிட்டேன்.

ஆ) மனுதாரர் ஐந்து கிலோ எடை தூக்குவதாக அவரே ஒப்புக்கொண்டார் என்பது. வகுப்பில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள், பெருமையாகச் சொன்னேன். வகுப்பில் நான் தூக்கும் எடைக்கல்லின் பூர்வோத்தரத்தையும் கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் மளிகைக் கடை ஞானசிகாமணி அண்ணாச்சியின் கல் அது. அடியில் இருந்த ஈயம் கழன்று விழுந்து, எடை குறைகிறது என்று முத்திரை ஆய்வாளர் அதைக் கழித்துப் போட்டுவிட்டார். அண்ணாச்சி, "யாவாரத்துக்குத்தான ஆவாது, காலுக்கு ஆவும்லா, கொண்டு போம்மா" என்று எனக்குத் தந்தார். ஆக, அது ஐந்து கிலோ இல்லை என்று அரசின் ஒரு துறை சொல்லிவிட்டது. அதே கல்லை ஐந்து கிலோ என்று இன்னொரு துறை சொல்கிறது. இரண்டு துறைகளும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரையாவது என் அட்டை என்னிடம் இருக்கலாம். கல்லை விசாரணைக்கு எடுத்துவர அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் எடுத்துவந்தால் அதுவும் ஒரு காரணமாகச் சேர்ந்துவிடும்.

இ) மனுதாரர் அலுவலகத்துக்குத் தானாகவே மாடியேறி வந்தார், எனவே குணமடைந்தவராகக் கருதப்படுகிறார் என்பது. இதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

9. குணமடைந்தேன் என்பது தவறு. கிரேஸ் அக்கா தந்த சான்றிதழை இணைத்துள்ளேன். தசைக்குப் பலம் வரும், வந்திருக்கிறது. மூளை மாறாது, மாறவில்லை. பயிற்சியை விட்டுவிட்டால் வந்த பலமும் சில மாதங்களில் போய்விடும் என்று அதில் எழுதியிருக்கிறார். இப்போது அட்டை இல்லாததால் இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. இந்தக் கணக்கில் பொங்கலுக்குள் என்னால் நிற்க முடியாமல் போகும். அப்போது சகல தகுதிகளோடும் மறுபடி விண்ணப்பிக்கலாம். தங்கள் குழு மகிழ்ச்சியோடு அட்டை தரும். அதை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன், பலம் வரும், அட்டை போகும். இப்படி ஏற்றமும் இறக்கமுமாக நான் ஐம்பது வயதுவரை தங்கள் அலுவலகத்துக்கு வேலை தரத் தயாராக இருக்கிறேன். ஆனால் எனக்கு வேறு வேலை இருக்கிறது ஐயா. தட்டச்சு உயர்நிலைத் தேர்வு எழுத வேண்டும்.

10. இது என்னோடு நிற்கவில்லை என்பதாலேயே இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது. எங்கள் வகுப்பில் முக்கூடலிலிருந்து சொரிமுத்து என்ற பையன் வருவான். வயது பதினேழு. வந்த புதிதில் அவனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது ஊன்றுகோலோடு, பேருந்து நிலையத்திலிருந்து கூடம்வரை நடந்தே வருவான். வழியில் நாய் துரத்தினாலும் நடந்தே வருவான், அவ்வளவு நிதானம். எனக்கு அட்டை போன செய்தி பரவிய பிறகு அவனும் வகுப்புக்கு வருவதில்லையாம். சந்திப்புப் பேருந்து நிலையத்தில் தற்செயலாகப் பார்த்தபோது, அவன் அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்: "ஏலே, நேரா நிக்காதலே. ஆபீசு ஆளுவ யாராச்சும் பாத்தா அட்டையப் புடுங்கிருவாவ. கொஞ்சம் சாஞ்சு நில்லு." என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்ன செய்யச் சொல்லுத மதுமதி? பலம் வந்தா பயமால்லா இருக்கு" என்றாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சாய்ந்து நின்றால் சலுகை, நிமிர்ந்து நின்றால் ரத்து என்றால் எந்தத் தாய்தான் பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்வாள்? ஆறு பேராக இருந்த வகுப்பு இப்போது இரண்டு பேராகிவிட்டது. அந்த இருவருக்கும் அட்டை கிடையாது, பக்கத்துத் தெரு. கிரேஸ் அக்கா மட்டும் சனிக்கிழமை தவறாமல் கூடத்தைத் திறந்து, மணல் பைகளை வரிசையாக எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

11. மேல்முறையீடு செய்வோர் செப்டம்பர் 7-ஆம் தேதி திங்கள்கிழமை, தங்கள் அலுவலக முதல் மாடி விசாரணைக் கூடத்துக்கு நேரில் வரவேண்டும், வரத் தவறினால் மனு தள்ளுபடி செய்யப்படும் என்று ஆணையின் அடியில் அச்சிட்டிருக்கிறது. ஊனமுற்றோருக்கான அலுவலகத்தை மாடியில் வைத்ததன் உட்பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஏறி வந்துவிட்டால் ஊனம் இல்லை. ஏறி வராவிட்டால் மனு இல்லை. இரண்டு வகையிலும் கோப்பு முடிந்துவிடும்.

முந்தைய வருடங்களில் அப்பாதான் என்னை அந்தப் படிகளில் தூக்கிவருவார். அப்போது யாரும் எதுவும் கேட்டதில்லை. தூக்கிவந்தவரின் மூச்சிரைப்பைப் பார்த்தே முத்திரை குத்திவிடுவார்கள். அப்பாவுக்கு அடுத்த ஆண்டு அறுபது. இந்த முறையும் தூக்குகிறேன் என்கிறார். "ஒரு நாள்தானம்மா, அட்டை கெடைக்கட்டும், பெறவு நீ நட" என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறாள். சான்றிதழ் வாங்கப் போனபோது கிரேஸ் அக்காவிடம் கேட்டேன். அவர் கூடத்தில் இருக்கும் அந்த ஒற்றைப் படியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

12. எனவே தங்களிடம் நான் பணிந்து கேட்டுக்கொள்வது:

என் பயண அட்டையை ரத்து செய்த ஆணையை நீக்கி, அட்டையைத் திரும்பத் தர வேண்டும். பயிற்சி செய்து பலம் பெறுவது குற்றமாகக் கருதப்பட மாட்டாது என்று சொரிமுத்துவின் தாயாருக்கு ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, பையன் நிமிர்ந்து நின்று படித்துக் காட்டுவான்.

மூன்றாவதாக ஒன்று. செப்டம்பர் 7 அன்று அப்பா என்னைத் தூக்க மாட்டார். நான் ஏறித்தான் வருவேன். சென்ற முறை பிரிவு அலுவலர் அவர்கள் பார்த்தது நான் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றதை மட்டும்தான். ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலைப் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கை திறக்கும்வரை நின்று, பிறகு அடுத்த படிக்குப் போனதை அவர் பார்க்கவில்லை. மேலே இருப்பவர் யாராலும் அதைப் பார்க்க முடியாது. ஆகவே அன்று காலை தாங்கள் மாடியில் காத்திருக்காமல், தயவுசெய்து கீழ்ப்படியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார வேண்டும். முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை நான் ஏறுவதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, தாங்களும் மேலே வந்து, எனக்கு அட்டை வேண்டுமா வேண்டாமா என்று எழுதுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால், அலுவலகம் திறக்கும்போதே நான் கீழே நின்றுகொண்டிருப்பேன்.

அட்டையின்றியும், மரியாதை குறையாமலும்,

(ஒப்பம்)
ந. மதுமதி

இடம்: கோபாலசமுத்திரம்
நாள்: 28.8.1998